மன்னார்குடி சபாபதியை நான் கொன்ற காலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று போன மாதம் என்னைக் கூப்பிட்டீர்கள். வந்தேன். நாலு வார்த்தைதான் சொன்னேன், அதிலும் இரண்டு தடுமாறியது. வேலை பார்த்த காலமெல்லாம் எழுத்திலேயே பேசிப் பழகியவனிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அன்றைக்குத் தொண்டையில் நின்றுபோனதை இப்போது எழுதி அனுப்புகிறேன்.

நீங்கள் பார்க்கும் வேலைக்கு இப்போது நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது. எங்கள் நாளில் எங்களைக் ‘கடிதம் பார்க்கிறவர்கள்’ என்றுதான் சொல்வார்கள். வேலை ஒன்றுதான். ஒரு கம்பெனியை நேசிக்கிறவர்கள் அந்தக் கம்பெனியோடு பேச வருவார்கள். கம்பெனிக்கு ஏது வாய்? அந்த வாயாக நாம் உட்கார்ந்திருப்போம்.

நான் உட்கார்ந்திருந்த கம்பெனி புனேக்குப் பக்கத்தில் ஆகுர்டியில் இருந்தது. தொண்ணூறுகளில் குழந்தைகளுக்குக் கதை கேசட் போட்டு நாடு முழுக்க விற்றவர்கள். ‘ஏழாம் நம்பர் லாரி’ என்று ஒரு தொடர். ஒரு டிரைவர், ஒரு கிளீனர், லாரியில் தொற்றிக்கொண்டு வரும் ஒரு வாயாடிக் காக்கை. கேசட்டுக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு வம்பு. ஆறு மொழிகளில் வந்தது. கீழே கேசட் பதிவு செய்யும் கூடம், மாடியில் நாங்கள். மெஷின் ஓடினால் என் மேஜையில் டீ கிளாஸ் லேசாக நடுங்கும். மாதா மாதம் நேயர்களுக்கு ஒரு சின்ன இதழ் போகும். அதில் தமிழ்க் கடிதப் பக்கம் என் பொறுப்பு.

நான் புனேயில், கட்கியில் பிறந்தவன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். தமிழ் எங்களுக்கு வீட்டுக்குள்ளே மட்டும். அப்பா போனார், குவார்ட்டர்ஸ் போனது. அம்மாவும் போனார். தங்கை கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டாள். கட்கி பஜாரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, காலையில் லோக்கல் ரயில் பிடித்து ஆகுர்டி போய், சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாயைத் திறந்து பேசியது, டீக்கடையில் அரை கிளாஸ் டீ கேட்க ‘ஏக் கட்டிங்’ என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான். சில ஞாயிறுகளில் மழை காரணமாக அதுவும் கிடையாது. தனியாக இருந்தேன் என்பதை அந்த வயதில் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது ஒத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை.

இனி தொழில் ரகசியம். கடிதப் பக்கம் வெறுமையாகப் போகக் கூடாது. ஒரு மாதம் நல்ல கடிதம் வரவில்லை என்றால் அடுத்த மாதம் ஒன்றுமே வராது. ஆள் இல்லாத கடைக்குள் யார் நுழைவார்கள்? அதனால் ஒவ்வொரு மொழிப் பிரிவிலும் நாங்களே ஒரு நேயரை உண்டாக்கி வைத்திருப்போம். மராத்தியில் ‘கர்ச்சா மாணூஸ்’ என்பார்கள், வீட்டு ஆள் என்று அர்த்தம். பக்கம் காய்ந்து கிடக்கும்போது வீட்டு ஆள் ஒரு கடிதம் போட்டு யாரையாவது சீண்டிவிடுவார். உடனே நிஜ நேயர்கள் சண்டைக்கு வருவார்கள். பக்கம் நிறைந்துவிடும்.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பிரிவின் தலைவி. மேடம் என்றே கடைசிவரை கூப்பிட்டோம். மேஜையில் எப்போதும் ஒரு டப்பா வேர்க்கடலை இருக்கும். யாருக்கும் கொடுக்க மாட்டார். அவர் போட்ட விதி ஒன்று உண்டு. வீட்டு ஆள் போதும் என்று தோன்றினால் அவரை ஊர் மாற்று, வெளிநாட்டுக்குக்கூட அனுப்பு. ஆனால் கொல்லாதே. கன்னடப் பிரிவில் முன்பு ஒருவர் அவசரப்பட்டுத் தன் ஆளைக் கொன்றுவிட்டாராம். அனுதாபக் கடிதம் ஒரு சாக்கு நிறைய வந்ததாம். “ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதன் உட்கார்ந்து பதில் எழுதினான். அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை” என்றார் மேடம், கடலையை மென்றுகொண்டே. நான் சிரித்தேன்.

என் வீட்டு ஆள்தான் சபாபதி. கடைக் காலண்டர் ஒன்றில் மன்னார்குடித் தெப்பக்குளத்தின் படம் இருந்தது. அவ்வளவு தண்ணீரைக் கட்கிக்காரன் பார்த்திருப்பானா? ‘சபாபதி, தெப்பக்குளம் வடகரை, மன்னார்குடி’ என்று எழுதினேன். ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கோபக்கார மனைவி, சென்னையில் ஒரு மகன், முன்பல் உடைந்த ஒரு பேத்தி. பேத்திக்கு என்று கேசட் வாங்கிவிட்டுத் தானே கேட்கிறவர். முதலில் பக்கத்தை நிரப்பத்தான் எழுதினேன். பிறகு பக்கம் நிறைந்திருந்த மாதங்களிலும் எழுதினேன். பேத்திக்குக் காய்ச்சல் வந்ததை எழுதினேன், மனைவி பொடி இடித்ததை எழுதினேன். மதிய சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கு இல்லாத வீட்டை அந்த ஆளுக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது புரியவில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு கம்பெனி வலைத்தளம் திறந்தது. கடிதப் பக்கம் ‘நேயர் பலகை’ ஆனது. எழுதினால் உடனே எல்லோரும் படிக்கலாம், உடனே சண்டை போடலாம். கேசட் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்துக்கொண்டு பலகைக்கு வந்தார்கள். சபாபதியும் பலகைக்கு வந்தார். மகன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான் என்று காரணம் சொன்னேன்.

பலகையில் சபாபதிக்குச் சரியான எதிராளி ஒருவர் இருந்தார். தாராபுரத்தில் எஸ்டிடி பூத்தும், அதன் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டரும் நடத்திய தங்கமணி என்ற பெண்மணி. மகனுக்கு வாங்கிய கேசட்டில் மாட்டிக்கொண்டவர். கூட்டம் இல்லாத நேரத்தில் பலகையே கதி. சபாபதி எதைச் சொன்னாலும் அதற்கு மறுப்பு சொல்வார். காக்கைதான் கதையின் நாயகன் என்று சபாபதி எழுதினால், ‘கிளீனர் இல்லாம காக்கா என்னத்தைங்க கிழிக்கும்’ என்று அடுத்த நிமிடம் பதில் வரும். ஒரு தடவை, மூன்றாவது கேசட்டை டேப் ரெக்கார்டர் தின்றுவிட்டது, நாடா முழுக்கச் சுருண்டு போச்சு என்று சபாபதியை வைத்துப் புலம்பினேன். ஒரு வேலையும் இல்லாத மத்தியானம் அது. ‘அது பழைய பதிவாச்சுங்களே ஐயா, இனிக் கெடைக்காதே’ என்று தங்கமணி நிஜமாகவே வருத்தப்பட்டார். காலையில் பலகையைத் திறந்தால் முதலில் அவர் பெயரைத்தான் தேடுவேன்.

இந்த நேரத்தில்தான் மும்பையிலிருந்து ஒரு பெரிய டிவி கம்பெனி எங்கள் கம்பெனியை விலைக்குக் கேட்டது. முதலாளி குடும்பம் மறுத்தது. உடனே அவர்கள் நேராகப் பங்கு வைத்திருந்தவர்களிடம் போய்விட்டார்கள். இன்ன தேதிக்குள் உங்கள் பங்குகளை எங்களுக்குக் கொடுத்தால் சந்தை விலைக்கு மேலே தருகிறோம் என்று பத்திரிகைகளில் அறிவிப்பு.

மற்ற கம்பெனியாக இருந்தால் இதில் நேயர்களுக்கு என்ன வேலை? எங்கள் கதை வேறு. தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி பங்கு வெளியிட்டபோது, நேயர் மன்றத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்கள். பத்திரத்தில் ஏழாம் நம்பர் லாரியின் படம் அச்சடித்திருந்தது. பத்துப் பங்கும் இருபது பங்கும் வாங்கி, பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினவர்கள் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. எல்லா மொழி நேயர்களையும் சேர்த்தால், முதலாளி குடும்பம் பிழைப்பதும் விழுவதும் அவர்கள் கையில் இருந்தது.

பலகை கொதித்தது. நேயர்கள் தாங்களாகவே இரண்டு கட்சியாகப் பிரிந்து பெயரும் வைத்துக்கொண்டார்கள். பங்கைக் கொடுத்துவிடலாம் என்றவர்கள் ‘இறங்குறவங்க’. கொடுக்கக் கூடாது என்றவர்கள் ‘இருக்கறவங்க’.

‘மூணு வருஷமா ஒரு புதுக் கதைகூட வரலை. காசு இருக்கிறவன் கையில போனாத்தான் லாரி ஓடும்’ என்று ஒருவர் எழுதுவார். ‘ஓடாது. டயரைக் கழட்டி வித்துட்டு பாடியை எடைக்குப் போடுவான். தமிழை முதல்ல நிறுத்துவான்’ என்று இன்னொருவர். ‘என் பொண்ணு இந்தக் காக்கா குரலைக் கேட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சா. அந்தக் குரலுக்கு விலை போடாதீங்க’ என்று ஓர் அம்மா. ‘சென்டிமென்ட்ல கம்பெனி ஓடாதும்மா’ என்று அதற்கும் பதில். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அன்பினால் வருகிற சண்டையில் அதுதான் தொல்லை.

தங்கமணி முடிவு சொல்லவில்லை. அவரிடம் இருபது பங்கு இருந்தது. ‘சபாபதி ஐயா என்ன நெனைக்கறீங்க? நீங்க சொல்றதுக்கு எதுத்தாப்ல நான் நிக்கோணுமல்ல’ என்று எழுதியிருந்தார். சபாபதி மழுப்பினார். எனக்கே முடிவு தெரியவில்லை. கம்பெனி கைமாறினால் தமிழ்ப் பிரிவு முதலில் போகும், என் மேஜை போகும், அந்தப் பலகை போகும். எனக்குத் தமிழில் பேச உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. ஆனால் அடுத்தவர் பங்கை என் மேஜைக்காக வைத்திருக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மேடம் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் இடத்தில் ஓர் இளைய மேனேஜர், கண்ணாடி அறைக்குள். கெட்டவர் இல்லை, முதலாளி குடும்பம் நெருக்க, அவர் எங்களை நெருக்கினார். ஒரு திங்கட்கிழமை ஆறு மொழிக்காரர்களையும் உள்ளே கூப்பிட்டார்.

“உங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் புதன்கிழமைக்குள் எழுத வேண்டும். ‘நான் பங்கைக் கொடுக்கப் போவதில்லை.’ அவ்வளவுதான்” என்றார் இந்தியில்.

“சார், நேயர்கள் அவரை நிஜ ஆள் என்று நம்புகிறார்கள்” என்றேன்.

“அதனால்தானே கேட்கிறேன்?”

“பலகையில் வம்பு பேச ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொள்வது வேறு. இது அவர்கள் வீட்டுச் சொத்து.”

“தேவராஜ் சாஹேப்,” என்றார் மெதுவாக, “உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் விடுங்கள். பாஸ்வேர்டு நோட்டு என் மேஜையில் இருக்கிறது. உங்கள் சபாபதியாக எழுத மும்பையிலிருந்து ஒரு தமிழ்ப் பையனைப் பிடித்துக்கொள்கிறேன்.”

அன்று சாயங்காலம் லோக்கலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். சபாபதியை ஊர் மாற்றினால் பயனில்லை. எந்த ஊரிலிருந்தும் பலகையில் எழுதலாம். பேசாமல் இருக்கச் செய்தால் மும்பைக்காரன் பேசுவான். என் சபாபதியின் வாயில் வேறொருவன் வார்த்தை போட நான் விடுவதாக இல்லை. எழுத முடியாதபடி அவரை எங்கே கொண்டுபோய் வைப்பது? காசர்வாடி ஸ்டேஷன் தாண்டும்போது பதில் கிடைத்தது. மேடத்தின் விதியும் ஞாபகம் வந்தது. அது சாதாரண நாளுக்கான விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெருக்கடியில் எல்லோரும் செய்கிற முதல் தப்பு இதுதான். நமக்கு முன்னால் அடிபட்டவர் வைத்துவிட்டுப் போன விதி, நம் நிலைமைக்குப் பொருந்தாது என்று தோன்றிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் வருவதற்கு முன்பே வந்துவிட்டேன். சபாபதியின் பெயரில் நுழைந்து, அவர் மகன் எழுதுவதாக அடித்தேன். ‘என் தந்தை சபாபதி அவர்கள் ஞாயிறன்று மாரடைப்பால் காலமானார். உங்கள் எல்லோரையும் பற்றி அடிக்கடி பேசுவார். இந்தக் கணக்கு இனி பயன்படுத்தப்படாது.’ அனுப்பிவிட்டுக் கீழே போய் டீ குடித்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பத்து மணிக்கு மேல் வர ஆரம்பித்தது. துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, திருச்சியிலிருந்து. இத்தனை வருஷமாக எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களெல்லாம் அன்றைக்கு எழுதினார்கள். ‘அவர் எழுத்தைப் படித்தால் எங்கள் தாத்தா பேசுவது போல இருக்கும்.’ ‘அந்தப் பேத்திக் குட்டியை நினைத்தால் தாங்கவில்லை.’ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் படித்தேன். அத்தனையும் எனக்கு வந்த அன்பு, ஒன்றுகூட என் விலாசத்துக்கு வரவில்லை. நான் நிஜமாகச் செத்தால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். தங்கை, ரூம் சொந்தக்காரர், டீக்கடைக்காரர். அதற்கு மேல் எண்ண வரவில்லை.

தங்கமணி இரண்டு நாள் எழுதவில்லை. வியாழக்கிழமை எழுதினார். பலகை தொடங்கிய காலத்தில் சபாபதி போட்ட ஒரு பழைய வரியைத் தோண்டி எடுத்து மேலே ஒட்டியிருந்தார். ‘இந்த லாரியில் ஏறினவன் நடுவில் இறங்குவேனா? கடைசி ஸ்டாப் வரைக்கும் வருவேன்.’ எந்த நினைப்பிலோ வேடிக்கையாக நான் அடித்த வரி. அதற்குக் கீழே தங்கமணி எழுதியிருந்தார்: ‘நான் கேட்ட கேள்விக்கு ஐயா முன்னாடியே பதில் சொல்லி வெச்சுட்டுப் போயிருக்காருங்க. இந்த ஒருதடவ நான் எதுத்து நிக்கல. என்ற பங்கக் கொடுக்கல.’

அவ்வளவுதான். ‘நானும் கடைசி ஸ்டாப் வரைக்கும்.’ ‘சபாபதி ஐயாவுக்காக.’ ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். இறங்குகிறவர்கள் கட்சி வாயடைத்துப் போனது. உயிரோடு இருந்து சொல்லியிருந்தால்கூட இத்தனை பேர் கேட்டிருக்க மாட்டார்கள். எதற்குப் பயன்படக் கூடாது என்று அவரைக் கொன்றேனோ, அதற்கே அவர் சாவு பயன்பட்டுவிட்டது.

மேனேஜர் என் மேஜைக்கே வந்து கை கொடுத்தார். “அரே சாஹேப், நான் வெறும் ஒரு வரி கேட்டேன். நீங்கள் ஒரு சாவையே கொடுத்துவிட்டீர்கள்!” மற்ற மேஜைக்காரர்கள் கை தட்டினார்கள். நான் டாய்லெட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பங்கைக் கொடுக்கக் கடைசி நாளுக்கு நாலு நாள் இருந்தது. வெளியே நல்ல மழை. ஆபரேட்டர் எனக்கு ஒரு போன் இணைப்புக் கொடுத்தார். “மதராசி லேடி” என்றார்.

“சார், தமிழ்ப் பக்கம் பாக்கறவருங்களா? நான் தாராபுரத்துலருந்து தங்கமணி பேசறனுங்க.”

அந்தக் குரலை அப்போதுதான் முதல்முறை கேட்கிறேன். நான் கற்பனை செய்ததைவிட வயது குறைந்த குரல். சொல்லுங்கள் என்றேன்.

“சபாபதி ஐயா ஊட்டு விலாசம் உங்ககிட்ட சரியா இருக்குங்களா சார்? நான் முந்தாநேத்து மன்னார்குடிக்கே போய்ட்டு வந்துட்டனுங்க. மூணு பஸ்ஸு மாறி. வடகரையில அப்பிடி ஒருத்தரு இல்லையின்னாங்க. சரி, கரை மாறிப் போச்சோன்னு கொளத்தோட நாலு கரையும் சுத்தி வந்து கேட்டேன். அம்மாம் பெரிய கொளம் சார். போஸ்ட்மேனுக்கும் தெரியல, தாலுகா ஆபீஸ்லயும் தெரியல.”

“எதுக்கும்மா அவ்வளவு தூரம் போனீங்க?”

“மூணாவது கேசட்டு அவருகிட்ட இல்லீங்களே. டேப் ரெக்கார்டரு தின்னுருச்சுன்னாரே, மறந்துட்டீங்களா? எங்கிட்ட இருக்கறத எடுத்துட்டுப் போனனுங்க. அந்தப் பாப்பாகிட்டக் குடுத்து, தாத்தா படத்துக்கு முன்னால போட்டுக் கேக்கச் சொல்லலாம்னு.”

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். குடும்பம் சென்னைக்குக் குடிபோய்விட்டது அம்மா, புது விலாசம் எங்களிடம் இல்லை. நாக்கு நுனியில் வாக்கியம் முழுசாக நின்றது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், பங்கை வைத்திருப்பார், என் மேஜையும் பிழைத்திருக்கும். போனின் அந்தப் பக்கத்திலிருந்து பூத் மீட்டரின் ‘டிக் டிக்’ கேட்டது. பொய் சொல்ல எனக்கு அத்தனை வருஷப் பழக்கம். ஆனால் பழகியதெல்லாம் எழுத்தில்தான். குரலில் சொல்ல வரவில்லை.

“அம்மா, சபாபதின்னு ஒருத்தர் கிடையாது. அது நான்தான். நான்தான் எழுதினேன்.”

“என்னங்க சார்?”

திரும்பவும் சொன்னேன். மேனேஜர் கேட்டது, நான் மறுத்தது, கொன்றது எல்லாம் சொன்னேன். பங்கு விஷயத்தில் சபாபதியை நினைக்காமல் அவர் இஷ்டப்படி முடிவு செய்யச் சொன்னேன்.

“அப்ப அந்தப் பாப்பா? பல்லு ஒடஞ்ச பாப்பா?”

“இல்லைம்மா.”

“ஊட்டுக்காரம்மா?”

“எனக்குக் கல்யாணம் ஆகலை.”

“மன்னார்குடியாச்சும் உங்க ஊருங்களா?”

“நான் பாத்ததே இல்லை.”

மறுபடி மீட்டர் சத்தம். அவர் அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சேதி பாத்த அன்னிக்குக் கடையச் சாத்திட்டு ஊட்டுக்குப் போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டனுங்க. யாரு செத்தாங்கன்னு ஊட்டுல கேட்டாங்க. பெரியப்பா மொறைன்னு சொன்னேன். இப்ப நீங்களே சொல்லுங்க சார். நான் யாருக்குங்க தண்ணி ஊத்திக்கிட்டேன்?”

“வெச்சர்றனுங்க” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் பலகையில் அந்தப் பழைய வரியை நீக்கியிருந்தார். ‘ஒருத்தர் பேரைச் சொல்லி இதுல முடிவெடுக்கறது தப்புங்க. நான் எழுதினதும் தப்பு. அவங்கவங்க யோசிச்சு அவங்கவங்க செய்யுங்க’ என்று மட்டும் எழுதியிருந்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஏன் என்று தெரியாது. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை, என்னைக் கீழே கேசட் கூடத்துக்கு மாற்றினார். லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கடைசி நாள் வந்தது, போனது. அவர்களுக்குத் தேவையான பங்கு சேரவில்லை, மும்பைக்காரர்கள் பின்வாங்கினார்கள். ஆபீஸ் முழுக்கப் பேடா கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று வந்தது. தங்கமணி எழுதியதைப் படித்து எத்தனை பேர் மனசு மாறினார்கள், அவர் தன் இருபது பங்கை என்ன செய்தார், எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் முதலாளி குடும்பமே அதே மும்பைக்காரர்களிடம் கம்பெனியை விற்றுவிட்டது. கொடுக்காதீர்கள் என்று ஊரைக் கெஞ்சியவர்கள்தான்.

தம்பி, தங்கைகளே, உங்கள் கம்ப்யூட்டர் இப்போது ஒரு மத்தியானத்துக்குள் நூறு சபாபதிகளைச் செய்து தருகிறது என்று கேள்விப்படுகிறேன். செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆள் பொய்யாக இருக்கலாம், அவனைத் தேடி வருகிற அன்பு பொய்யாக வராது. அதைக் கையில் வாங்கிக்கொள்ள நிஜமான ஒருவர் அங்கே நிற்க வேண்டும். நான் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

புது முதலாளிகள் வந்ததும் தமிழ்ப் பலகையை மூடுவதாக ஒரு வார நோட்டீஸ் கொடுத்தார்கள். கடைசி நாள் மத்தியானம் மாடிக்குப் போனேன். என் பழைய மேஜையில் தூசி. கம்ப்யூட்டர் ஓடியது. முதல் தடவையாக என் சொந்தப் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். பத்து நிமிடம் யோசித்து மூன்று வரி அடித்தேன். ‘வணக்கம். என் பெயர் தேவராஜ். புனேயில் கட்கியில் இருக்கிறேன். ஏழாம் நம்பர் லாரி எனக்கும் ரொம்பப் பிடிக்கும்.’

அந்த நேரத்தில் பலகையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கீழே ஒரு பட்டியல் காட்டும். அதில் தங்கமணியின் பெயர் இருந்தது. ஒரு வருஷமாக எழுதாதவர் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடாததால் மேஜை நடுங்கவில்லை. மூன்று மணிக்கு மேல் என் வரிக்குக் கீழே அவருடைய பதில் வந்தது. மற்றவர்கள் படித்திருந்தால் யாரோ புது ஆளை வரவேற்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

‘வாங்க தேவராஜ் சார். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமுங்களே.’